முதலில் யார் எழுவது

சல்கினாய் வீட்டு சர்வர் இறைச்சி அறையில் இருந்தது. குளிர்காலத்துக்கென்று அறுத்த குதிரையின் விலாப் பக்கங்கள் கொக்கிகளில் தொங்கும். அவற்றுக்குக் கீழே, மாவுப் பெட்டியின் மேல், தலைநகர் பிஷ்கெக்கின் சந்தையில் வாங்கிய பழைய கறுப்புக் கணினி. கணினியும் சூடாகக் கூடாது, கறியும் சூடாகக் கூடாது.

"அது ஊதற ஊதுல ஒருநாள் கறி வெந்துடும் பாரு," என்பான் அவள் கணவன் தோலோத்.

"வெந்தா உனக்கு விறகு வெட்டற வேலை மிச்சம்," என்பாள்.

எங்கள் பள்ளியில் அவள் கணினி ஆசிரியை, நான் புவியியல். வீடும் அடுத்தடுத்து. வகுப்பைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு வந்த பிறகு திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற பெண். அடுப்பை அணைத்தோமா, கொட்டிலின் கதவைச் சாத்தினோமா என்று தேநீர் குடிக்கும்போது நடுவில் எழுந்து போவாள். பிஷ்கெக்கில் கணக்கு படித்து, அங்கேயே ஒரு தொலைபேசி அலுவலகத்தில் சில வருடம் இருந்து, திருமணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். ஊரில் அவளுடைய பயத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் மேய்ச்சல் குழு அந்த வேலைக்கு ஆள் தேடியபோது வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

வேலை இதுதான். கோக்-பெல் மேய்ச்சல் நிலத்தை யாரும் பயன்படுத்துவதில்லை, பள்ளத்தாக்கின் வாயில் சுற்றுலாக் கூடாரங்கள் போடுகிறோம் என்று ஒரு கம்பெனி மனு கொடுத்திருந்தது. கோடையில் மூன்று ஊர்கள் ஏறிப்போகிற இடம். விசாரணை நரின் நகரில், பனிக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. கூடாரம் எங்கே நிற்கிறது, எந்த ஊற்றில் தண்ணீர், எந்தத் தடத்தில் ஆடு போகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் பெயரிலேயே எழுதித் தரவேண்டும். எழுதவேண்டியவர்களில் பாதிப் பேர் பனிக்குள் பண்ணைகளில் இருந்தார்கள். மீதிப் பேர் பிஷ்கெக்கில், மாஸ்கோவில்.

போன வருடமும் எழுதினோம். ஏதோ ஒரு வெளிநாட்டு இலவசச் சேவையில். அதன் சுட்டி ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி, கடைசியில் கம்பெனியின் வக்கீலிடம் போய்ச் சேர்ந்தது. எங்கள் தாளை எங்களுக்கு முன்னால் அச்சடித்து எடுத்துக்கொண்டு அவர் விசாரணைக்கு வந்திருந்தார்.

"இந்தத் தடவை நம்ம வீட்டுக்குள்ளயே உக்காந்து எழுதணும்," என்றார் குழுத் தலைவர் ஷாயிம்பெக். "எவனாவது வரணும்னா கதவைத் தட்டிட்டு வரட்டும்."

சல்கினாய் நவம்பரில் ஆரம்பித்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கோப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கும் அலமாரி. இன்னொன்று பலரும் சுற்றி உட்கார்ந்து ஒரே சமயத்தில் எழுதுகிற மேஜை. அலமாரியும் மேஜையும் ஒன்றை ஒன்று நம்புவதற்கு ஒரு ரகசியச் சாவி. அந்தச் சாவி ஒத்துக்கொள்ளாமல் மூன்று வாரம். பிறகு நினைவகம் போதவில்லை. பிறகு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்று போன்கள் எல்லாம் சிவப்பாகக் கத்தின. பள்ளி இடைவேளையில் அவள் முகத்தைப் பார்த்தாலே இன்று எது கெட்டுப்போனது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஜனவரியில் மேஜை திறந்தது. தோலோத் கொட்டிலில் நின்று போனில் தட்டினான். அவள் அடுக்களையில் லாப்டாப் முன்னால். 'என் பெண்டாட்டி கோபக்காரி' என்று எழுத்து எழுத்தாக அவள் திரையில் வந்தது. அழித்தாள். மூடினார்கள். அலமாரியில் கோப்பு சேமிக்கப்பட்டிருந்தது. மறுபடி செய்தார்கள். மறுபடியும் சரி. மூன்றாவது தடவை தோலோத் மறுத்துவிட்டான், குளிர்.

வீட்டுக்கு ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். எழுதுகிறவரின் பெயர் ஒரு நிறக்கொடி போல அவர் எழுதுகிற இடத்தில் நிற்கும். தலைப்புகளையும் வரிசையையும் அவளே போட்டு வைத்து, எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

யாரும் வரவில்லை. ஒரு நாள் முழுக்க வெள்ளைப் பக்கம்.

"கெட்டுப்போச்சு," என்றாள் என்னிடம். "எங்கயோ அடைச்சிருக்கு. யாராலயும் உள்ள வர முடியல."

"அசன்கோஜோ அதா வந்தாரா?"

"இல்ல."

"அப்புறம் யாரு வருவாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். அசன்கோஜோ எங்கள் மூன்று ஊருக்கும் மூத்தவர். தகப்பனைப் போல ஊரே அவரை அதா என்றுதான் கூப்பிடும். கணவாய்க்கு அந்தப் பக்கம் குளிர்காலப் பண்ணையில் மகன், மருமகளோடு இருந்தார். அவர் ரொட்டியைப் பிட்டுத் தொடங்கி வைக்காமல் சாப்பாட்டு விரிப்பில் யாரும் கை வைப்பதில்லை. அன்று மாலை அவர் டேப்லெட்டில் நுழைந்து, எல்லாவற்றுக்கும் மேலே 'பிஸ்மில்லா' என்று ஒற்றை விரலால் தட்டினார். அரை மணி நேரத்தில் பக்கம் முழுக்கக் கொடிகள். மாஸ்கோவிலிருந்துகூட.

அதன் பிறகு சல்கினாய் கொஞ்சம் தூங்கினாள். ஒவ்வொரு மாலையும் அலமாரியிலிருந்து கோப்பை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, டிரைவை உப்பு டப்பாவுக்குள் வைத்தாள்.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை காலை நான் அவள் வீட்டில் இருந்தேன். அச்சடிக்கும் முன் எழுத்துப் பிழை பார்க்க என்னை அழைத்திருந்தாள். உப்பு டப்பாவிலிருந்து டிரைவை எடுத்து லாப்டாப்பில் செருகினாள். கோப்பு திறந்தது.

அவள் போட்ட தலைப்புகள். கீழே ஒன்றுமில்லை.

முந்தின நாள் நகலைத் திறந்தாள். அதற்கு முந்தின நாள். எல்லாம் அதே வெற்றுப் பக்கம். தினமும் கவனமாக அதைத்தான் டப்பாவில் வைத்திருக்கிறாள்.

ஆனால் மேஜையில், திரையில், எல்லாம் இருந்தது. குடும்பம் குடும்பமாக வரிகள், ஊற்றுகளின் படங்கள், கொடிகள். அவள் மென்பொருளின் கையேட்டைத் திறந்து கீழே கீழே இறங்கினாள். படிக்கப் படிக்க உதடு வெளுத்தது.

"தோலோத்."

அவன் பூட்ஸோடு உள்ளே வந்தான்.

"கடைசி ஆள் மூடினாத்தான் அலமாரிக்குப் போகுமாம். அதுவரைக்கும் எல்லாம் மேஜை மேலயே கெடக்கும்."

"அப்போ மூடச் சொல்லு."

"யாருமே மூடல. ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒருத்தர்கூட மூடல."

"ஏன்?"

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அதா எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் விரிப்பில் மூத்தவர் கை ஏந்தி பாத்தா என்னும் ஆசியைச் சொல்லி, முகத்தைத் துடைத்து, ஆமீனுக்கு எங்கள் சொல்லான ஓமினைச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் எழுவார்கள். அதற்கு முன் எழுந்தவனைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசுவார்கள். பண்ணைகளிலும் மாஸ்கோ அறைகளிலும் எங்கள் ஆட்கள் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். நானும் மூடவில்லை. என் போனில் இப்போதும் திறந்துதான் இருந்தது.

"சரி, அவசரம் என்ன?" என்றான் தோலோத். "மெதுவா சொல்லி..."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். ஊர்க் குழுவில் காலையில் வந்த அறிவிப்பு. லைன் வேலை, நடுப்பகலிலிருந்து மின்சாரம் இருக்காது. அந்தக் குளிர்காலத்தில் அதிசயமாக அந்தப் பத்து நாள்தான் மின்சாரம் நிற்காமல் இருந்தது.

"கரண்ட் போனா?"

"மேஜை மேல இருக்கறது போச்சு."

"இன்வெர்ட்டர்?"

"ஊர்ல ஒண்ணுதான். ஆஸ்பத்திரில. அதைக் கேப்பியா நீ?"

அவள் ஒவ்வொன்றாக முயன்றாள். மேஜையிலிருந்து நேராகப் பதிவிறக்கினாள். இறைச்சி அறையில் விசிறி ஊளையிட்டது, படங்கள் அதிகம், நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டினாள். எழுத்துகள் வந்தன. படங்கள் இல்லை, யார் எழுதியது என்ற பெயர்கள் இல்லை. பெயர் இல்லாவிட்டால் விசாரணையில் அது அவள் ஒருத்தியே எழுதிய கதை. அமைப்பில் ஒரு வரி மாற்றினால் நடுநடுவே சேமிக்கும். ஆனால் மாற்றம் ஏறுவதற்கு நிறுத்தி ஓட்டவேண்டும், நிறுத்தினால் மேஜை மேல் இருப்பது போய்விடும்.

"நெட் வயரைப் பிடுங்கிட்டா? எல்லாரும் போயிட்டாங்கனு நெனச்சுக்காதா அது?" என்றான் தோலோத்.

"நெனச்சுக்கும்னு ஒருத்தன் எழுதியிருக்கான். எல்லாம் போச்சுன்னு மூணு பேரு அழுதிருக்காங்க. நான் அந்த நாலாவது ஆளா இருக்கமாட்டேன்."

"அதாவை நீயே எடுத்துவிட முடியாதா? நிர்வாகி நீதானே."

முடியும். அவர் பெயருக்கு எதிரே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் அவர் திரையில் 'நீங்கள் நீக்கப்பட்டீர்கள்' என்று வரும்.

"நீ அழுத்து," என்றாள்.

தோலோத் ஒரு அடி பின்னால் போனான். "நான் லாரி ஓட்டறவன். எனக்கெதுக்கு?"

அவர் கோபித்துக்கொண்டால் பள்ளத்தாக்கின் பாதி வீடுகள் திங்கட்கிழமை நரினுக்கு வராது. சல்கினாய் பண்ணைக்குப் போன் செய்து, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தாள். மருமகள் கெரேஸ் எடுத்தாள்.

"கெரேஸ், அதா எங்க?"

"பெரியவர் குதிரைக்குத் தண்ணி காட்டப் போயிருக்காரு எஜே." எஜே என்றால் அக்கா. மாமனார் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள்.

"டேப்லெட் எங்க இருக்கு?"

"ஜன்னல்ல சாத்தி வச்சிருக்கு. வரும்போதும் போகும்போதும் பாத்துக்குவாரு. யாரு யாரு உக்காந்திருக்காங்கன்னு."

"அதைக் கொஞ்சம் மூடிடறியா?"

"நானா?" அவள் குரல் கீழே இறங்கியது. "எஜே, எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம்தான் ஆகுது. இன்னும் கொஞ்ச நாள் இந்த வீட்ல இருக்கலாம்னு பாக்கறேன்."

"சரி, கூட்டிட்டு வா அவரை. ஓடு."

போனில் கதவு, நாய், பனியில் ஓடுகிற காலடி. சல்கினாய் லாப்டாப்பின் மூலையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதாவின் மூச்சு வந்தது.

"நல்லா இருக்கியா மகளே? ஆடு கன்னு, வீட்ல எல்லாரும்?"

"நல்லா இருக்கோம் அதா. நீங்க, குதிரைங்க?"

"செவலைக்கு இருமல். உங்க பக்கம் பனி எப்படி?"

அவள் பனியைப் பற்றிச் சொன்னாள். இருமலுக்கு வெந்நீர் என்றாள். இதைத் தாண்டாமல் பேச்சுக்குள் நுழைய முடியாது. மேஜை விரிப்பில் அவள் விரல்கள் நூல் பிரித்துக்கொண்டிருந்தன.

"அதா, எல்லாரும் எழுதியாச்சு. நீங்க பாத்தா சொல்லி எழுந்துகிட்டீங்கன்னா மத்தவங்களும்..."

"எல்லாரும் எங்க? ஒரு வீடு இன்னும் ரொட்டியே தொடலையே."

"எந்த வீடு?"

"சோனுன் வீடு. நான் வந்த நாள்லேருந்து பாக்கறேன். அவ எடம் காலியா கெடக்கு. ஒரு வீடு பசியா இருக்கறப்போ விரிப்பைச் சுருட்டச் சொல்றியா என்னை?"

சல்கினாய் பக்கத்தை இறக்கினாள். உண்மைதான். சோனுன் கணவனை இழந்தவள், மாஸ்கோவில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறாள். அவள் குடும்பக் கூடாரம் நிற்பது பள்ளத்தாக்கின் வாயிலேயே. கம்பெனி கேட்கிற அதே இடம். அந்த வரிதான் வெறுமையாக இருந்தது. அத்தனை வரிகளையும் பார்த்துக்கொண்டிருந்த சல்கினாய் இதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் எப்போதும் ஒரு கொடி நின்றது. யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

சோனுன் நான்காவது அழைப்பில் எடுத்தாள். பின்னால் பெல்ட் ஓடுகிற சத்தம்.

"எஜே, வேலையில இருக்கேன், மேஸ்திரி பாக்கறான்."

"ஏன் நீ எழுதல?"

"எப்படி எழுதறது? என் எடத்துல அதா நிக்கறாரு."

"என்னது?"

"அவர் பேரு. பச்சைக் கொடி. மொதல் நாள்லேருந்து என் வரியிலயே நிக்குது. இடைவேளைக்கு இடைவேளை தொறந்து பாக்கறேன், நகரவே மாட்டேங்கறாரு. அவர் முன்னாடி குறுக்க பாயவா? எங்க வீட்டு மேல ஏதோ கோவம் போலன்னு நெனச்சேன். கொழுந்தனாரு அவர்கிட்ட சரியா பேசலையோ என்னமோ."

தோலோத் சிரித்துவிட்டான். சல்கினாய் அவன் முழங்காலில் அடித்தாள்.

"அங்கயே இரு. போனை வைக்காத. பக்கத்தைத் தொற."

மறுபடி பண்ணை. இந்த முறை அவள் பனியைப் பற்றிக் கேட்கவில்லை.

"அதா, சோனுன் வரியில நீங்கதான் நிக்கறீங்க."

"ஆமா. தொட்டு வச்சிருக்கேன். வேற எவனும் வந்து உக்காந்துடக் கூடாதுல்ல? அவளுக்கு எடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

"அவ நீங்க நகரணும்னு காத்திட்டிருக்கா அதா. நீங்க அவளுக்காகக் காத்திட்டிருக்கீங்க."

அவர் இருமினார், குதிரைக்கு மட்டும் அல்ல இருமல்.

"அந்தப் பொண்ணு பத்து நாளாவா நின்னுட்டிருக்கு?"

"ஆமா."

"எங்க தொடணும்? கெரேஸ்! எங்க தொடணும் நான்?"

பச்சைக் கொடி திரையில் துள்ளியது, பக்கத்தின் உச்சிக்குப் போயிற்று. காலியான இடத்தில் ஒரு ஊதாக் கொடி வந்து நின்றது. சோனுன். எழுத்துகள் வரத் தொடங்கின. ஒன்று. நிறுத்தம். இரண்டு. கிடங்கின் மாடிப்படியில், கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு தட்டுகிறாள் என்று பிறகு சொன்னாள். 'எங்கள் கூடாரம் இரண்டு பாறைக்கு நடுவில். கொழுந்தன் ஆடுகளோடு ஏறுகிறான். கீழ் ஊற்றில் தண்ணீர்.' ஊற்று என்பதை அடித்துத் திருத்தினாள். சல்கினாய் வாயால் தள்ளிக்கொண்டிருந்தாள், "போதும், போதும், புள்ளி வை."

சோனுன் புள்ளி வைத்தாள்.

அதா பாத்தாவைப் போனில் சொல்லலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் எழுதத் தொடங்கினார். ஒற்றை விரல். ஆடுகள் பெருகட்டும். பனி நேரத்தில் உருகட்டும். தெருவில் லைன்காரர்களின் வண்டி போகிற சத்தம் கேட்டது. தோலோத் ஜன்னலுக்குப் போனான்.

"கம்பத்துக்கிட்ட நிறுத்தறாங்க."

"போய் நிறுத்து அவங்களை. டீ குடு. கறி குடு. என்னமாவது குடு."

தோலோத் தொப்பியில்லாமல் ஓடினான். திரையில் அதா இன்னும் பிள்ளைகளின் படிப்புக்கு வந்திருக்கவில்லை. பிள்ளைகள், அப்புறம் மாஸ்கோவில் இருக்கிறவர்கள், அப்புறம் 'இந்த வீட்டை வைத்த சல்கினாய்க்கு நல்ல தூக்கம்'. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, கடிகாரத்தைப் பார்த்தாளா, எனக்கு ஞாபகமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

ஓமின்.

பச்சைக் கொடி மறைந்தது. அதற்குக் கீழே ஓமின்கள் விழத் தொடங்கின. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வயது வரிசையில் ஒவ்வொருவராகத் தட்டிவிட்டு எழுந்தார்கள். நானும் என் முறைக்குக் காத்திருந்து தட்டி மூடினேன். சோனுன் கடைசிக்கு முன்னால்.

சல்கினாய் இறைச்சி அறைக்கு ஓடினாள். நான் பின்னால். லாப்டாப்பைத் திறந்த கையோடு கொண்டுவந்திருந்தாள். கணினியின் சிறு விளக்கு அசையாமல் எரிந்தது. எழுதுகிறபோது அது துடிக்கவேண்டும்.

"போகல. இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காங்கனு சொல்லுது."

"யாரு?"

"தெரியலயே. எல்லாரும் ஓமின் போட்டாச்சு. யாரது? யாரு எழுந்திருக்காம..."

நான் அவள் கையிலிருந்த திரையைப் பார்த்தேன். மூலையில் ஒரு மஞ்சள் கொடி.

"நீதான்," என்றேன். "வீட்டுக்காரி."

அவள் அதை அப்படியே மூடினாள். குதிரை விலாக்களுக்குக் கீழே நின்றோம். விளக்கு துடித்தது. ஒரு முறை, பிறகு விடாமல். பிறகு விசிறி நின்றது, விளக்கு நின்றது, குளிர்பெட்டியின் உறுமல் நின்றது. தெரு முழுக்க அமைதி.

"முடிச்சிட்டு நின்னுதா, நடுவுல நின்னுதா?" என்றாள்.



தோலோத் திரும்பி வந்தான், காதெல்லாம் சிவந்து. "டீ வேண்டாம்ட்டாங்க. ஒரு சிகரெட் பிடிச்சிட்டு ஏறினாங்க. அவ்ளோதான் முடிஞ்சுது என்னால."

அன்று பிற்பகல் முழுக்க அவள் அடுக்களையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. மின்சாரம் வந்தபோது அவள் எழவில்லை. தோலோத்தான் போய்ப் பொத்தானை அழுத்தி, லாப்டாப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திறந்தேன்.

பிஸ்மில்லாவிலிருந்து எல்லாம் இருந்தது. ஊற்றுகள், பெயர்கள், இரண்டு பாறைக்கு நடுவில் சோனுன் கூடாரம். கடைசியில் ஒரு பக்கம் முழுக்க ஓமின், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர். உச்சியிலிருந்து அடிவரை அவளே ஒருமுறை வாசித்தாள். பிறகு மறுபடி.

"கடைசிப் பக்கத்தை எடுத்துடலாமா?" என்றேன். "விசாரணைக்கு இது எதுக்கு?"

"யாரோடதை எடுக்கறது? எல்லாரும் என்னைவிடப் பெரியவங்க."

எடுக்கவில்லை. திங்கட்கிழமை நரினில் அதிகாரி கடைசித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"எழுந்து போன வரிசை," என்றார் ஷாயிம்பெக்.

அதிகாரியும் எங்கள் பக்கத்து ஆள்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. பள்ளத்தாக்கின் வாய் கம்பெனிக்கு இல்லை என்று அன்றே எழுதிக் கொடுத்தார்கள். மேற்குச் சரிவைப் பற்றிய விசாரணை வசந்தத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்கு மறுபடி எழுதவேண்டும்.

இப்போது அவள் அமைப்பில் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டாள். யார் உட்கார்ந்திருந்தாலும் கோப்பு தானாக அலமாரிக்குப் போகிறது. ஆனாலும் தினமும் மாலையில் நகலைத் திறந்து கடைசி வரிவரை வாசித்த பிறகுதான் உப்பு டப்பாவில் போடுகிறாள். சனிக்கிழமைகளில் பண்ணைக்குப் போன் செய்து, செவலையின் இருமலை விசாரித்துவிட்டு, அதாவைக் கொஞ்சம் எழுந்துகொள்ளச் சொல்கிறாள்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று அவர் கேட்பார்.

அவள் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.